கிறுக்கு இல்லாத ஊர் உண்டா?

(பட்டிமன்றத் தலைப்பு: 'சிற்றூர்க் கதைகளில் வரும் விசித்திர மனிதர்களைக் கண்டு நாம் சிரிப்பது ஏளனத்தினாலா? அன்பினாலா?' - 'அன்பினாலே' என்ற அணியில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, நான் பேச வைத்திருந்ததில் பாதியைச் சாப்பிட்டுவிட்ட என் அணித் தோழரே! மீதிப் பாதியைச் சாப்பிடக் காத்திருக்கிற எதிரணி நண்பர்களே! இங்கே நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கிற பெரியோர்களே! அடுப்பில் சாம்பார் அடிபிடிக்கிற வாசனை வந்தும், 'இந்த ஆளு என்னதான் சொல்றான் பார்ப்போம்' என்று தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! (சிரிப்பு)

நான் ஊரப்பாக்கத்துக்காரன். தாம்பரத்துக்குத் தெற்கே, வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் இருக்கிறது. முன்னெல்லாம் ஊர் பேரைச் சொன்னால், 'அது எங்க சார் இருக்கு?' என்பார்கள். 'வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் பக்கத்துல' என்பேன். உடனே என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். (சிரிப்பு) 1985-இல் அந்தப் பூங்கா வண்டலூருக்கு வந்ததிலிருந்து எங்களுக்கு அதுதான் முகவரி. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்தார்கள். இப்போது, 'கிளாம்பாக்கத்துக்கு அடுத்தது' என்கிறேன். கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது. (சிரிப்பு)

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். காலையில் அவர்தான் வாசல் தெளிப்பார். அவர் வீட்டு எல்லை எங்கே முடிகிறதோ, அங்கே கோடு கிழித்த மாதிரி தண்ணீர் நின்றுவிடும். ஒரு சொட்டு பக்கத்து வீட்டுக்குப் போகாது. 'ஏன்யா, ரெண்டு கை சேர்த்துத் தெளிச்சா என்ன?' என்று கேட்டால், 'நாளைக்கு அதைக் காட்டி அவன் பட்டா கேட்பான் சார்' என்பார். (சிரிப்பு) இன்னொரு வீட்டில் ஒரு அம்மா. காக்கைக்குச் சோறு வைப்பார்கள். எல்லாரும்தான் வைக்கிறோம். இந்த அம்மா ஒவ்வொரு காக்கைக்கும் ஒரு பேர் வைத்திருந்தார்கள். எல்லாம் மாமியார் வீட்டுச் சொந்தக்காரர்கள் பேர்! (பலத்த சிரிப்பு)

எதிரணியில் பேசிய அம்மையார் அழகாகப் பேசினார்கள். என்ன சொன்னார்கள்? 'இப்படிப்பட்ட மனுஷங்களைக் கதையில் பார்த்ததும் நாம ஏன் சிரிக்கிறோம்? நல்லவேளை, நாம இப்படி இல்லையேங்கிற நிம்மதியில சிரிக்கிறோம். எழுத்தாளர் ஊரைக் கேலி பண்ணிக் காசாக்குகிறார். நாம காசு குடுத்துக் கேலி பண்ணுகிறோம்' என்றார்கள். நல்ல கைதட்டல் வாங்கினார்கள். நானும் தட்டினேன். ஆனால் அம்மா, அந்தக் கேள்விக்கு நான் தொல்காப்பியரிடமிருந்து பதில் சொல்லப் போகிறேன். பயந்துவிடாதீர்கள், இரண்டே நிமிடம்தான். (சிரிப்பு)

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மனித உணர்ச்சிகளை எட்டாகப் பிரித்தார். அதிலே முதலில் எதை வைத்தார் தெரியுமா? அழுகையை வைக்கவில்லை. கோபத்தை வைக்கவில்லை. வீரத்தை வைக்கவில்லை. நகையை வைத்தார். சிரிப்பை வைத்தார்! (கைதட்டல்) அந்தச் சிரிப்பு எதிலிருந்து வரும் என்று நான்கு காரணம் சொன்னார். எள்ளல், இளமை, பேதைமை, மடன்.

எள்ளல் என்றால் ஏளனம். சரி, அது அம்மையாருக்கு. எடுத்துக்கொள்ளுங்கள். (சிரிப்பு) இளமை என்றால் பிள்ளைத்தனம். பேதைமை என்றால் அறியாமை. மடன் என்றால் சொன்னதை அப்படியே நம்பிவிடுகிற வெள்ளை மனசு. குழந்தை மழலை பேசும்போது சிரிக்கிறோமே, ஏளனமாகவா சிரிக்கிறோம்? தாத்தா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறாரே, அப்போது ஏளனமாகவா சிரிக்கிறோம்? நாலு காரணத்தில் ஒன்றுதான் அந்த அணிக்கு. மூன்று எங்களுக்கு. நடுவர் அவர்களே, தீர்ப்பை இப்போதே சொன்னாலும் எனக்குச் சம்மதம்! (பலத்த கைதட்டல்)

இப்போது கதைக்கு வருகிறேன். சிற்றூர், விசித்திர மனிதர்கள் என்றால் நம் தமிழிலேயே எத்தனை பேர்! தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு இருக்கிறார். சுஜாதா தன் ஸ்ரீரங்கத்துத் தெருக்களை எழுதினார். கி. ராஜநாராயணன் கரிசல் காட்டை எழுதினார். ஆனால் நான் இன்றைக்கு எடுத்துக்கொள்வது, தமிழர் ஒருவர் ஆங்கிலத்தில் கட்டிய ஒரு தென்னாட்டுச் சிற்றூர். வரைபடத்தில் கிடையாது. ஆனால் உலகமே போய்ப் பார்த்த ஊர். மால்குடி!

ஆர்.கே. நாராயண் யார்? நம்ம புரசைவாக்கத்துப் பிள்ளை. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி சென்னையில் பிறந்தவர். பாட்டி வளர்த்த பேரன். சின்ன வயசில் அந்த வீட்டில் அவருக்கு விளையாட்டுத் தோழர்கள் யார் தெரியுமா? ஒரு மயில், ஒரு குரங்கு. அவரே தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அப்பா மைசூரில் தலைமை ஆசிரியர். 1930-இல் பாட்டி ஒரு நல்ல நாள் பார்த்துக் கொடுக்கிறார். பேரன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு எழுத உட்காருகிறார். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அப்போது மனசுக்குள் முதலில் வந்தது கோயில் இல்லை, கடைத்தெரு இல்லை. ஒரு சின்ன ரயில் நிலையம். மால்குடி ரயில் நிலையம். இந்த ரயில் நிலையத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எனக்கு வேண்டும்.

அந்த முதல் நாவலை எந்தப் பதிப்பாளரும் வாங்கவில்லை. திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ஆக்ஸ்போர்டில் படித்த ஒரு நண்பருக்கு எழுதினார்: 'அதிலே ஒரு கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடு.' நண்பர் நல்ல நண்பர், சொன்னதைச் செய்யவில்லை! (சிரிப்பு) கிரஹாம் கிரீன் என்ற எழுத்தாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் படித்தார், பதிப்பாளரைப் பிடித்தார். 1935-இல் 'சுவாமியும் நண்பர்களும்' வெளிவந்தது. அம்மையார் அவர்களே, அந்த வெள்ளைக்காரர் எதற்காகக் கல்லைக் கட்டாமல் கையில் வைத்துக்கொண்டார்? 'இந்தியப் பையன்களைப் பார், எவ்வளவு அசடு' என்றா? திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடம் போகக் கசக்கிற ஒரு பையனை அதிலே பார்த்தார். அந்தக் கசப்பு லண்டனிலும் அதே கசப்புதான்! (கைதட்டல்)

மார்கய்யாவைப் பாருங்கள். 1952-இல் வந்த நாவல். கூட்டுறவு வங்கிக்கு எதிரே ஆலமரம். அதன் கீழே ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் கடன் விண்ணப்பப் படிவங்கள். கிராமத்து ஆட்களுக்கு எப்படிக் கடன் வாங்குவது என்று சொல்லிக் கொடுக்கிறார். வங்கி உள்ளே இருக்கிறது, வங்கியின் மூளை மரத்தடியில் இருக்கிறது! (சிரிப்பு) ஒரு நாள் அவருடைய செல்லப் பிள்ளை பாலு, கணக்குப் புத்தகத்தைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்துவிடுகிறான். மனுஷனுடைய மொத்தத் தொழிலும் தண்ணீரில் போகிறது. அங்கே சிரிக்கிறோம். ஆனால் அந்த ஆள் மேலே போய், பெரிய பணக்காரராகி, எல்லாம் இடிந்து விழுந்து, கடைசியில் 'பழைய பெட்டியை எடு, ஆலமரத்தடிக்கே போகலாம்' என்று கிளம்புகிறபோது சிரிக்கிறோமா? தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிற பெரியவர் ஞாபகத்துக்கு வரவில்லையா?

மிட்டாய்க்கடை ஜகன் ஒருவர். 1967-இல் வந்த நாவல். ஊருக்கே இனிப்பு விற்கிறார், தான் இனிப்புத் தொடமாட்டார். கடையில் உட்கார்ந்து கீதை படிப்பார், கண் கீதையில் இருக்கும், காது அடுப்படியில் இருக்கும். தானாகச் செத்த மாட்டுத் தோலில்தான் செருப்புப் போடுவார். இவருக்கு ஒரு பிள்ளை. அமெரிக்கா போய்த் திரும்பி வருகிறான். என்ன கொண்டு வருகிறான்? கதை எழுதுகிற இயந்திரம்! 'அப்பா, இதிலே பணம் போடு' என்கிறான். 1967-இல் அதைப் படித்துச் சிரித்தார்கள். இன்றைக்குக் கம்ப்யூட்டர் கதை எழுதுகிறது. இப்போது சிரியுங்கள் பார்க்கலாம்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இப்போது என் அணியின் முக்கியமான வாதம். 1961-இல் வந்த மால்குடி ஆட்கொல்லி பற்றிய நாவல். நடராஜ் என்று ஒரு அச்சகக்காரர். சாதுவான மனுஷன். அங்கே தினமும் வந்து உட்காருகிறவர்களில் ஒரு கவிஞர். அவர் ஒரு விரதம் எடுத்திருக்கிறார்: கண்ணபிரான் கதை முழுவதையும் ஓரசைச் சொற்களாலேயே எழுதுவது! எங்கள் துறையிலே கூட இப்படி ஒரு ஆராய்ச்சி நடக்கவில்லை. (சிரிப்பு) ஊர் அவரைத் துரத்தியதா? இல்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தது. ராதா கல்யாணம் வரை கவிதை வந்துவிட்டது என்றதும் ஊர் சேர்ந்து கோயிலில் விழாவே எடுக்கக் கிளம்பியது. அந்த ஊரில் கிறுக்கனுக்கு ஒரு நாற்காலி உண்டு!

அதே அச்சகத்து மாடிக்கு ஒருவன் குடிவருகிறான். வாசு. எம்.ஏ. படித்தவன். பயில்வான். செத்த மிருகங்களைப் பாடம் பண்ணுகிறவன். இந்தக் கவிஞரை ஏளனம் பண்ணுகிறான், நடராஜை ஏளனம் பண்ணுகிறான், கோயில் யானையையே சுட்டுத் தோலுரிக்கத் திட்டம் போடுகிறான். கடைசியில் என்ன ஆனான்? நெற்றியில் உட்கார்ந்த கொசுவை அடித்தான். அவன் கையே அவன் உயிரை எடுத்தது. நம்ம பஸ்மாசுரன் கதை! அய்யா, நாராயண் எத்தனையோ கிறுக்குகளைப் படைத்தார், யாரையும் இப்படித் தண்டிக்கவில்லை. இந்த ஒருவனுக்கு ஏன் இந்த முடிவு? அந்த ஊரில் எல்லாரையும் எள்ளியவன் அவன்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? (நீண்ட கைதட்டல்)

அந்த மால்குடியை 1986-இல் சங்கர் நாக் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார். கர்நாடகத்தில் ஆகும்பே என்ற ஊரில் படம் பிடித்தார்கள். நாராயணின் தம்பி ஆர்.கே. லட்சுமண் கோட்டோவியம் போட்டார். எல். வைத்தியநாதன் இசை. அந்த மெட்டைக் கேட்டால் இன்றைக்கும் நாற்பது தாண்டியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தொடரில் வந்த அரசலு ரயில் நிலையத்தில் 2020-இல் மால்குடி அருங்காட்சியகமே வைத்துவிட்டார்கள். இல்லாத ஊருக்கு அருங்காட்சியகம்! ஏளனத்துக்கு யாராவது கட்டடம் கட்டுவார்களா? (கைதட்டல்)

(நடுவர் மணி அடிக்கிறார்.)

நடுவர் அவர்களே, இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள். ரயில் நிலையத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? அதற்கு வருகிறேன்.

எங்க அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஊரப்பாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டினார். தண்டவாளத்திலிருந்து மூன்று தெரு தள்ளி. மொட்டை மாடியில் நின்றால் ரயில் தெரியும். அதற்காகவே அந்த மனையை வாங்கினார் என்பது அம்மாவின் குற்றச்சாட்டு. (சிரிப்பு) நான் சென்னையில் கல்லூரி வேலையில் சேர்ந்த வாரம், அப்பா ஒரு நீள நோட்டு வாங்கினார். அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டார். ரயில் பெயர், வரவேண்டிய நேரம், வந்த நேரம், தாமதம், கடைசியில் 'குறிப்பு'. அன்றிலிருந்து கடந்து போகிற வண்டிகளையெல்லாம் எழுத ஆரம்பித்தார்.

'வைகை ஏழு நிமிஷம் லேட்டுடா' என்பார், என்னவோ நான்தான் ஓட்டிக்கொண்டு வந்த மாதிரி! (சிரிப்பு) ராத்திரி பாண்டியன் போகிற சத்தம் கேட்டால் எழுந்து விளக்கைப் போடுவார். எழுதுவார், படுப்பார். 'சம்பளம் குடுக்கிறப்ப கூட இப்படி வேலை பார்க்கல' என்பார் அம்மா. எதிரே அடுக்குமாடி வந்தது. ரயிலை மறைத்துவிட்டது. அப்பாடா, விட்டுவிடுவார் என்று நினைத்தோம். காதை வைத்து எழுத ஆரம்பித்தார்! (பலத்த சிரிப்பு) தெருப் பிள்ளைகள் அவருக்கு 'டைம்டேபிள் தாத்தா' என்று பேர் வைத்தார்கள்.

நான் பட்டிமன்றம் பேச வந்தவன். கையில் ஒரு விஷயம் கிடைத்தால் விடுவேனா? ஒரு பொங்கல் சிறப்பு நிகழ்ச்சியில் அப்பாவைப் பற்றிப் பேசினேன். அவர் மாதிரியே நடந்து காட்டினேன். காதில் கை வைத்துக் கேட்கிற மாதிரி, நோட்டைப் பிரித்து எழுதுகிற மாதிரி. 'ரயில்வே அவரை விட்டுடுச்சு, அவர் ரயில்வேயை விடலை' என்றேன். அரங்கமே சிரித்தது. அன்றைக்கு நான் வாங்கிய கைதட்டலை அதற்கு முன் வாங்கியதில்லை.

அது ஒளிபரப்பான பொங்கலன்று நான் மதுரையில் வேறு ஒரு மேடையில் இருந்தேன். மறுநாள் வீட்டுக்கு வந்தேன். அப்பா மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தார். என்ன சொல்வாரோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நடுக்கம். 'டி.வி.யில பாத்தேன்' என்றார். 'சொல்லுங்கப்பா' என்றேன். 'பாண்டியன் போற நேரம்னு ஒண்ணு சொன்னியே, அது தப்பு. பன்னெண்டு நிமிஷம் கூடச் சொல்லிட்ட. மேடையில பேசறவன் சரியாச் சொல்ல வேணாமா?' என்றார். (சிரிப்பு) அவ்வளவுதான். நானும் சிரித்தேன். அதையும் அடுத்த மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.

அப்பா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அவர் அலமாரியைத் திறந்தேன். பதினோரு நோட்டு. சும்மா புரட்டினேன். அந்தக் கடைசிக் கட்டம், 'குறிப்பு' என்று போட்டிருந்ததே, அது பெரும்பாலும் காலி. சாயங்காலம் செங்கல்பட்டு போகிற மின்சார ரயிலுக்கு நேரே மட்டும் ஏதோ எழுதியிருந்தது. 'வந்தாச்சு.' அடுத்த நாளும் அதே. 'வந்தாச்சு.' ரயில் வந்ததைத்தான் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு பக்கத்தில் பார்த்தேன். ரயில் வந்த நேரம் 7.42 என்று போட்டிருக்கிறது. குறிப்பில், 'வரலை' என்று இருக்கிறது. ரயில் வந்திருக்கிறது, யார் வரவில்லை? தேதியைப் பார்த்தேன். அது நான் வெளியூர் பட்டிமன்றத்துக்குப் போயிருந்த நாள்.

(அரங்கில் அமைதி)

அந்த நோட்டு வைகைக்காகவும் இல்லை, பாண்டியனுக்காகவும் இல்லை. நான் எந்த வண்டியில் வந்து இறங்குகிறேன் என்று பார்ப்பதற்காக. 'உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்'னு சொல்லத் தெரியாத மனுஷன். அதனால் ஊரிலே ஓடுகிற அத்தனை ரயிலையும் சேர்த்து எழுதியிருக்கிறார். அந்தப் பொங்கல் தேதியைத் தேடி எடுத்தேன். ரயில் நான்கு நிமிடம் தாமதம். குறிப்பு: 'வரலை. டி.வி.யில் வந்தான்.'

(நீண்ட அமைதி, பிறகு கைதட்டல்)

அம்மையார் அவர்களே, நீங்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. அன்று மேடையில் நான் சிரிக்க வைத்தது ஏளனத்தால்தான். அதை இந்த மேடையிலேயே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது கதை எழுதியவன் செய்த காரியம் இல்லை, கடைசிக் கட்டத்தைப் படிக்காதவன் செய்த காரியம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அப்பா ஒரு கோமாளி. நாராயண் போன்றவர்கள் என்ன செய்கிறார்கள்? நோட்டைப் புரட்டி அந்தக் 'குறிப்பை'யும் நமக்குப் படித்துக் காட்டுகிறார்கள். மார்கய்யாவின் தகரப் பெட்டிக்குள் பிள்ளைப் பாசம் இருந்தது. ஜகனின் மிட்டாய்க் கடைக்குள் பிள்ளையைப் புரிந்துகொள்ள முடியாத தவிப்பு இருந்தது. அதைக் காட்டிய பிறகும் நாம் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்பில் எள்ளல் எங்கே இருக்கிறது?

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாட்டிலே நகைக்கு அடுத்ததாக எதை வைத்தார் தெரியுமா? அழுகையை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் சுவர் கூட இல்லை.

இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஒரு கிறுக்கு இருக்கும். பழைய செய்தித்தாளை அடுக்கி வைக்கிற மாமா இருப்பார். பத்து முறை கேஸை மூடிவிட்டோமா என்று பார்க்கிற பாட்டி இருப்பார். சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு, 'இது எப்போலேர்ந்து ஆரம்பிச்சுது பாட்டி?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆள் இப்போது இல்லை.

அப்பாவுடைய பேனாவை நான்தான் வைத்திருக்கிறேன். பதினோராவது நோட்டில் பாதி இன்னும் காலி. கல்லூரியிலிருந்து என் மகள் சாயங்கால ரயிலில் வருகிறாள். மொட்டை மாடிக்குப் போனால் அடுக்குமாடிதான் தெரிகிறது. காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. தெருவில் பிள்ளைகள் எனக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்களோ தெரியாது. (சிரிப்பு)

ஆகவே நடுவர் அவர்களே, சிற்றூர்க் கதைகளின் விசித்திர மனிதர்களைக் கண்டு நாம் சிரிப்பது அன்பினாலே, அன்பினாலே என்று சொல்லி, இன்று ராத்திரி பாண்டியன் போகிற நேரத்தை ஊரில் யாரிடமாவது சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நான் சொன்னால் தப்பாகச் சொல்லிவிடுவேன் என்று கூறி அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)